மாவுப் போர்வை மன்னனுக்கு ஒரு வாழ்த்துமடல்

அமெரிக்கப் பிள்ளைகளின் பிறந்தநாள் மேசையிலும், சூப்பர் பவுல் ஆட்டம் நடக்கும் ஞாயிறன்று தொலைக்காட்சி முன்னும், பள்ளிவிட்டு வரும் பசி நேரத்திலும் தட்டு நிறைய வீற்றிருப்பவனே! 'பிக்ஸ் இன் எ பிளாங்கெட்' என்று உன்னை அழைக்கிறார்கள், போர்வைக்குள் பன்றிகளாம்; மாவில் சுற்றிச் சுட்ட சாசேஜ்தான் நீ. பெயரில் பன்றி இருந்தாலும் மாடு, கோழி, வான்கோழி எதுவானாலும் உனக்குள் இடம் உண்டு. பேதம் பாராத பெருந்தன்மை உன்னுடையது. குழந்தைகளுக்கேற்ற எளிய சிற்றுண்டி என்று ஊரே உன்னைப் பாராட்டுகிறது. அந்தப் பாராட்டில் விடுபட்டுப்போன உன் பெருமைகளை எடுத்துச் சொல்லவே இந்த மடல். இதில் உள்ள எதுவும் மிகையில்லை.

அடுப்படிக்கு ஓய்வு தந்தவனே!

உன்னைச் செய்ய ஒருவருக்குச் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடையின் குளிர்பெட்டியில் இருக்கும் மாவு டப்பாவை வாங்கிவந்து, மேலே சுற்றிய காகிதத்தை உரித்தால் 'டப்' என்று அது தானே வெடித்துத் திறந்துகொள்ளும். உள்ளே எட்டு முக்கோணங்களாக வெட்டுக்கோடு போட்ட மாவு. ஒவ்வொன்றின் அகன்ற பக்கத்தில் ஒரு சாசேஜை வைத்து உருட்டி, சுமார் 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் 12 முதல் 15 நிமிடம் ஓவனில் வைத்தால் வேலை முடிந்தது. பிசைய வேண்டாம், புளிக்கவைக்க வேண்டாம், நறுக்க வேண்டாம், தாளிக்க வேண்டாம். ருசி பார்த்து உப்புப் போடும் பொறுப்புகூட இல்லை. ஆலையில் யாரோ அதை முன்பே போட்டுவிட்டார்கள்.

பிள்ளைகளுக்குச் சமையலில் முதல் பாடம் நீதான் என்கிறார்கள். மாவுக்கு எவ்வளவு தண்ணீர் விட்டால் இளகும், எவ்வளவு நேரம் ஊறினால் உப்பும், பச்சை இறைச்சி எப்படி இருக்கும், அது வெந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒன்றுமே தெரியாத பிள்ளையை 'நானே சமைத்தேன்' என்று பெருமையோடு சொல்லவைக்கிறாய். இரண்டு பொட்டலங்களைப் பிரித்து ஒன்றாகச் சுற்றும் வேலைக்குச் சமையல் என்ற பட்டத்தை வாங்கித் தந்த வள்ளல் வேறு யார்?

குலப்பெருமை உடையவனே!

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் இருந்த லைவ்லி வில்லோபி என்ற பேக்கரிக்காரர், மாவை டப்பாவில் அடைத்துக் குளிரில் வைக்கும் முறைக்கு 1931-ல் காப்புரிமை பெற்றார். அதை விற்பனைக்குக் கொண்டுவந்த பல்லார்ட் அண்ட் பல்லார்ட் நிறுவனத்தை 1951-ல் பில்ஸ்பரி நிறுவனம் வாங்கியது. 1965-ல் சமையல்காரர் தொப்பி போட்ட மாவுப் பொம்மை ஒன்று பில்ஸ்பரியின் விளம்பரங்களில் தோன்றியது. அதன் வயிற்றில் விரல் வைத்தால் கிளுகிளுவென்று சிரித்தது. அமெரிக்கப் பிள்ளைகள் அந்தச் சிரிப்பைக் கேட்டே வளர்ந்தார்கள்.

அதற்கு முன்பே, 1957-ல் பெட்டி கிராக்கர் பெயரில் சிறுவர் சிறுமியருக்காக வெளிவந்த சமையல் புத்தகத்தில் உனக்கு இடம் கிடைத்துவிட்டது. அந்த அம்மையாருக்குப் பிறந்த ஊரும் இல்லை, பெற்றோரும் இல்லை. வாடிக்கையாளர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதிக் கையெழுத்திட, மினியாபொலிஸ் நகரின் மாவு ஆலை நிறுவனம் ஒன்று 1921-ல் உண்டாக்கிய பெயர் அவர். அந்த ஆலையின் வழிவந்த ஜெனரல் மில்ஸ் 2001-ல் பில்ஸ்பரியையும் வாங்கியது. மற்றப் பலகாரங்களெல்லாம் பாட்டி சொல்ல அம்மா கேட்டு, அம்மா செய்ய மகள் பார்த்து வந்தவை. உனக்கோ ஆலையே தாய்வீடு, பிறக்காத ஒரு பெண்மணியே பாட்டி. இப்படி ஒரு வம்சாவளி வேறு எந்தப் பண்டத்துக்கு வாய்க்கும்?

பல்லுக்கு வேலை வைக்காதவனே!

இறைச்சி, கொழுப்பு, பனிக்கட்டி, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வெண்ணெய்போல் அரைத்து, உறையில் அடைத்து, புகையூட்டி வேகவைத்தால் உன் உள்ளிருக்கும் சாசேஜ் தயார். முன்பெல்லாம் ஆட்டுக்குடல்தான் அதற்கு உறை. கடித்தால் 'நறுக்' என்று ஓசை கேட்கும். 1920-களில் சிகாகோவின் எர்வின் ஃபிராய்ண்ட் செல்லுலோஸ் உறையைக் கொண்டுவந்தார். வெந்த பிறகு அதை உரித்து எறிந்துவிடலாம். அன்றோடு அந்தச் சிறு எதிர்ப்பும் உன்னைவிட்டு நீங்கியது. மென்று தின்னப் பழகவேண்டிய வயதில் இருக்கும் பிள்ளைக்கு மெல்லும் சிரமத்தையே தராத கருணை உன்னிடம் உண்டு.

சட்டத்துக்கும் நீ அடங்கியவன். கொழுப்பு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, கொழுப்பும் சேர்த்த தண்ணீருமாக 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, பால் பொடி, மாவுச்சத்து போன்ற பிடிமானப் பொருள்கள் 3.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க வேளாண்துறை வரம்பு கட்டியிருக்கிறது. அதற்குள் நின்றுதான் நீ பிள்ளைகளை ஊட்டி வளர்க்கிறாய். விலை குறைந்த வகைகளில், கோழியின் சதையைக் கத்தியால் அரிந்தெடுத்த பிறகு எலும்பில் ஒட்டியிருப்பதையும் வீணாக்குவதில்லை. எலும்போடு சேர்த்து நசுக்கிச் சல்லடை வழியே அழுத்திப் பிதுக்கி எடுத்த கூழையும் ஏற்றுக்கொள்கிறாய். அதைப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்ளவும் செய்கிறாய். முன்பக்கத்தில் இருக்கும் படம் வேறு என்பது உன் குற்றமில்லை.

நிறம் மாறாதவனே!

சிவந்த இறைச்சி வெந்தால் பழுப்பாகும். நீ மட்டும் எத்தனை சூட்டிலும் இளஞ்சிவப்பாகவே இருக்கிறாய். சோடியம் நைட்ரைட் என்ற உப்பு, இறைச்சியின் நிறப்பொருளான மயோகுளோபினோடு வினைபுரிந்து உனக்கு அந்த நிறத்தை நிலைக்கச் செய்கிறது. அது வெறும் சாயமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1820-களில் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர், கெட்டுப்போன சாசேஜைத் தின்று செத்தவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். அந்தச் சாவுக்குக் காரணமான நஞ்சை உண்டாக்கும் கிருமியைத் தடுப்பதும் இதே நைட்ரைட்தான். ஒரு கையால் உயிரைக் காக்கிறது. மறு கையால், வயிற்றுக்குள் போன பிறகு புற்றுநோயோடு தொடர்புடைய நைட்ரசோ சேர்மங்கள் உண்டாகக் காரணமாகிறது.

அஞ்சும் தாய்மாருக்காக 'நைட்ரைட் சேர்க்கப்படவில்லை' என்று எழுதிய பொட்டலத்திலும் நீ கிடைக்கிறாய். அதில் செலரிக் கீரையின் பொடியைச் சேர்க்கிறார்கள். அந்தப் பொடியிலிருந்து வருவதும் நைட்ரைட்தான். பெயரை மாற்றினாலும் குணம் மாறாதவன் நீ.

உப்பிட்டவனே!

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் வாக்கு. உன்னைப் போல் உப்பிட்டவர் யார்? ஒரு சாதாரண சாசேஜில் ஏறக்குறைய 400 முதல் 500 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. சுற்றியிருக்கும் மாவில் இன்னொரு 200. நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளை ஒரு நாள் முழுவதும் 1,500 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2019-ல் வரையறுத்தன. நீ இரண்டாகத் தட்டில் வந்தாலே அந்தக் கணக்கு முடியும் இடத்துக்கு வந்துவிடுகிறது. உள்ளே செருகும் சீஸும் தொட்டுக்கொள்ளும் கெட்ச்அப்பும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சிறுவயதில் நாக்குக்குப் பழகிய உப்பு பெரியவரானாலும் விடாது. நாக்கு உன்னை மறந்தாலும் இரத்த அழுத்தம் நினைவில் வைத்திருக்கும்.

ஆய்வாளர்கள் அறிந்தவனே!

எந்தப் பிள்ளைப் பலகாரத்துக்கும் கிடைக்காத கவனம் உனக்குக் கிடைத்தது. 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பிரான்சின் லியோன் நகரில் 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்களைக் கூட்டியது. 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசிய அவர்கள், பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தார்கள். புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதற்காகப் புகையிலை அளவுக்கு நீயும் ஆபத்தானவன் என்று பொருளாகாது. சான்று உறுதியாக இருக்கிறது என்றுதான் பொருள். உன்மீது பழி சுமத்தும் நோக்கம் இல்லாததால் அதையும் சேர்த்தே சொல்கிறேன். நாள்தோறும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 விழுக்காடு கூடும் என்பது அவர்கள் கணக்கு. 50 கிராம் என்பது ஏறக்குறைய உன் உள்ளிருக்கும் ஒரே ஒரு சாசேஜ்.

வடிவழகனே!

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2010-ல் உன் உருவத்தையே தனியாக எடுத்துப் பேசியது. உருளை வடிவம், பிள்ளையின் மூச்சுக்குழாயை அடைக்கும் பருமன், அழுத்தினால் வளைந்துகொடுத்து இறுக்கமாகச் சிக்கிக்கொள்ளும் தன்மை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த உணவு சாசேஜ் என்றது. உணவு தொண்டையில் சிக்கி மூச்சுத் திணறி நேரும் குழந்தை மரணங்களில் சுமார் 17 விழுக்காட்டுக்கு இதுவே காரணம் என்று எடுத்துக்காட்டி, வடிவத்தையே மாற்றியமைக்கும்படி தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. விருந்துக்கு அழகாக இருக்கட்டும் என்று இன்னும் சின்னதாக, விரல்கணு அளவில் உன்னைச் செய்து குழந்தை கையில் கொடுக்கிறார்கள். ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் தின்ன ஏற்றவன் என்ற பெயரும் உனக்கு உண்டு.

போர்வை தந்தவனே!

உன் பெருமைகளில் தலையாயது போர்வைதான். பொன்னிறமாக உப்பி, வெண்ணெய் வாசனையோடு வரும் அந்த மைதா மாவு உள்ளிருப்பதை முழுதாக மூடிவிடுகிறது. பிள்ளையின் கண்ணுக்கு அது ரொட்டி. பெற்றோரின் கண்ணுக்கு அது வீட்டில் சுட்ட பலகாரம். கடைச் சரக்கை அப்படியே தட்டில் வைக்கக் கூசும் கைகள், அதைச் சுற்றி ஓவனில் வைத்து எடுத்ததும் கூச்சம் தெளிந்துவிடுகின்றன. காய், கீரை, பயறு என்று எதையும் உள்ளே விடாத கட்டுக்கோப்பான போர்வை அது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஆறு மணிக்கு வீடு வரும் தாய்க்கும் தந்தைக்கும் நீ கால் மணி நேரத்தை மிச்சப்படுத்தித் தருகிறாய். அந்தக் களைப்பை அறிந்துதான் உன்னை இப்படி உருவாக்கினார்கள். களைத்தவர்களிடம் விற்பது எளிது.

இந்த மடலை அவனுக்கு வாசித்தாயிற்று. இனிச் சொல்வது பெற்றோருக்கு.

களைத்து வரும் உங்கள்மீது குறையில்லை. பிள்ளைக்குச் சூடாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற அன்பில்தான் அந்த டப்பாவைத் திறக்கிறீர்கள். அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்கும், உறைய வைத்த சிக்கன் சாசேஜ் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் சென்னைக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். பிறந்தநாளுக்கு ஒன்று தின்றதால் யாருக்கும் கேடு வந்துவிடாது. தினசரி டிபன் பெட்டியில் மட்டும் அவனுக்கு இடம் கொடுக்காதீர்கள். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கொடுப்பதானால், சாசேஜை நீளவாக்கில் நான்காகக் கீறி, பிறகு பொடியாக நறுக்கிக் கொடுங்கள். வட்டத் துண்டுகளாக வெட்டக் கூடாது. உருட்டிச் சுடும் குதூகலம்தான் பிள்ளைக்குப் பிடித்தது என்றால், அதே மாவுக்குள் மசித்த உருளைக்கிழங்கையோ வேகவைத்து மசித்த கொண்டைக்கடலையையோ முட்டைப் பொரியலையோ வைத்துப் பாருங்கள். விடுமுறை நாளில் கோதுமை மாவைப் பிள்ளையையே பிசையச் சொல்லுங்கள். மேசையெல்லாம் மாவாகும், நேரம் கூடுதலாகும், வடிவம் கோணலாகும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். பிள்ளை கையில் கொடுக்கும் உணவுக்கு அதுவே முதல் தகுதி.