ஆனி மாதத்துக் கம்பளி

முன்பனிக்காலம் என்றால் மார்கழியும் தையும் என்று பஞ்சாங்கமும் பாடப்புத்தகமும் ஒரே குரலில் சொல்கின்றன. பண்பொழியில் உபாத்தியாயராக இருந்த காலமெல்லாம் நானும் அதை அப்படியே ஒப்பித்தேன். ஆனால் அந்தப் பாடம் வருவது பெரும்பாலும் ஆனி மாதத்தில். அதை நடத்துகிறவனோ கழுத்தில் மப்ளரும், மார்பில் ஸ்வெட்டரும், அதற்கு மேல் ஒரு துண்டுமாக நிற்பவன். ஆகையால் முன் பெஞ்சுப் பிள்ளைகள் புத்தகத்தையும் வாத்தியாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பரீட்சையில் எதை நம்பி எழுதுவது என்று திகைப்பது வழக்கம்.

எங்கள் ஊர் மார்கழிக் குளிர் மரியாதை தெரிந்த குளிர். விடியற்காலையில் திருமலைக் குமாரசுவாமியைத் தரிசிக்கப் படியேறுகிறவர்களோடு சற்றுத் தூரம் கூட நடந்துவிட்டு, பள்ளிக்கூடத்து முதல் மணி அடிப்பதற்குள் வெயிலிடம் பொறுப்பை ஒப்படைத்துப் போய்விடும். போதாததற்கு அரையாண்டுப் பரீட்சையும் அதைத் தொடரும் விடுமுறையும் அந்த மாதத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும். ஆனி, ஆடிக் குளிருக்கு இந்த நாசூக்கெல்லாம் கிடையாது. அரபிக் கடலில் புறப்பட்ட தென்மேற்குக் காற்று, சுமந்து வந்த மழையில் பெரும்பங்கைக் கேரளத்து மலைச்சரிவிலேயே கொட்டிவிட்டு, மிச்சத்தைச் சாரலாக்கிக்கொண்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியாகவும் அச்சன்கோவில் மலைகளைத் தாண்டி மேக்கரைப் பக்கமாகவும் இறங்கி, தென்காசிச் சீமை முழுவதையும் குளிர்வித்துவிட்டு, நேரே எங்கள் வகுப்பறையின் மேற்கு ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். செங்கோட்டைத் தாலுகாவின் பெரும்பகுதி 1956-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தபோது, நிலமும் ஜனங்களும் ரிக்கார்டுகளும் ஒழுங்காகக் கைமாறின. சீதோஷ்ணம் மாத்திரம் பழைய சர்க்காருக்கே விசுவாசமாக இருந்துவிட்டது.

மேற்கு ஜன்னல் என்றேனே, அதற்குக் கம்பி உண்டு, கதவு கிடையாது. அந்தக் கட்டடத்துக்குப் படம் வரைந்த புண்ணியவான் வேறு ஏதோ ஓர் ஊரில், அக்கினி நட்சத்திரத்தில், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே வரைந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். காற்றோட்டத்தைத் தவிர வேறு தெய்வம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. “சார், ஜன்னலச் சாத்தட்டுமா சார்?” என்று புதிதாகச் சேர்ந்த பையன் எவனாவது வருஷந்தோறும் எழுந்து கேட்பான். பழைய பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இதில் வெளியூர்க்காரர்கள் நம்ப மறுக்கிற விஷயம் ஒன்றுண்டு. சாரல் நாளின் பகற்பொழுதில் வெப்பமானி இருபது டிகிரிக்கு மேலேதான் நிற்கும். வேலை செய்யும் இடத்தில் குறைந்தபட்சம் 16 டிகிரியாவது உஷ்ணம் வேண்டும், கடுமையான உடலுழைப்பானால் 13 டிகிரி போதும் என்பது இங்கிலாந்துக்காரர்களுடைய 1992-ஆம் வருஷத்து விதிகளுக்கான வழிகாட்டி. அந்தக் கணக்குப்படி நாங்கள் சொர்க்கவாசிகள். ஆனால் அந்தச் சொர்க்கத்தில் எங்களுக்குப் பற்கள் கிட்டின.

காரணம் குளிர் அல்ல, ஈரம். சாக்கைக் கொங்காணி போட்டு வந்தாலும் சரி, காற்றில் மேல்நோக்கி மலர்ந்துவிட்ட குடையோடு வந்தாலும் சரி, பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரும்போது பையன் நனைந்துதான் இருப்பான். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கலோரி உஷ்ணம் தேவை என்கிறது பௌதிக சாஸ்திரம். அவன் சட்டையும் நிக்கரும் 100 கிராம் தண்ணீரைக் குடித்திருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், உடம்புச் சூட்டினாலேயே அவற்றை உலர்த்துவதற்கு 58,000 கலோரி ஆகும். சாப்பாட்டு விஷயத்தில் நாம் கலோரி என்பது இதைப்போல் ஆயிரம் மடங்கு பெரியது. ஆதலால், அந்தக் கணக்கில் இது 58, அதாவது ஏறத்தாழ ஓர் இட்லி. காலையில் தின்ற இரண்டு இட்லிகளில் ஒன்றைச் சட்டைக்குத் தானம் செய்துவிட்டு, எஞ்சிய ஒன்றைக் கொண்டே பின்னக் கணக்கும் போட வேண்டும், விறைக்காமலும் இருக்க வேண்டும் என்று ஒரு குழந்தையிடம் எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

அதே சாஸ்திரம் ஆறுதல் ஒன்றும் சொல்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் வளர்ந்த மனிதர் ஒருவர் சுமார் 100 வாட் உஷ்ணத்தை வெளியிடுகிறார். பிள்ளைகளுக்குச் சிறிது குறைத்துப் போட்டாலும், ஐம்பது பேர் நெருங்கி உட்கார்ந்த பழைய வகுப்பு, செலவில்லாமல் எரியும் மின்சார அடுப்புகள் இரண்டு மூன்றுக்குச் சமானம். பிறகு கல்வி உரிமைச் சட்டம் வந்து, 2010-லிருந்து ஆரம்பப் பள்ளிகளில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று நிர்ணயம் செய்தது. கல்விக்கு அது பெரிய லாபம் என்பதை நான் மறுக்கவில்லை. உஷ்ணத்தில் நேர்ந்த நஷ்டத்தைப் பற்றி எந்தக் கமிட்டியும் பிரஸ்தாபிக்கவில்லை என்பதுதான் என் குறை.

ஆகவே உபாயங்களை நாங்களே தேட நேர்ந்தது. ஸ்வெட்டர் விற்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் தெருவோரத்தில் கடை விரித்து, தை முடிவதற்குள் மூட்டை கட்டிவிடுவார்கள். எங்களுக்குத் தேவைப்படும் ஆனியில் பெட்டியின் அடியிலிருந்து பாச்சை உருண்டை வாசனையோடு பழையதை எடுத்து மாட்டுவதே கதி. சக உபாத்தியாயர் ஒருவர் குரங்குக் குல்லாயில் தஞ்சம் புகுந்தார். பிள்ளைகள் சொல்வது அவர் காதில் விழவில்லை. அவர் சொல்வது பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. இரு தரப்பும் சந்தோஷமாகவே இருந்தார்கள். நானோ வாய்ப்பாட்டை நம்பினேன். பதினாறாம் வாய்ப்பாட்டை வகுப்பு முழுவதும் எழுந்து நின்று தொண்டை கிழியச் சொன்னால் பத்து நிமிஷத்தில் அறை வெதுவெதுப்பாகும். தலைமையாசிரியர் அங்கே என்ன கலவரம் என்று விசாரித்து ஆளனுப்புவார்; ஆள் வந்தவன் திரும்பிப் போக மனமில்லாமல் மூலையில் நின்றுகொள்வான்.

ஆனாலும் பள்ளிக்கூடத்தில் உண்மையான உஷ்ணம் இருந்த இடம் ஒன்றே ஒன்று. 1982 ஜூலை முதல் தேதி ஆரம்பமான சத்துணவுத் திட்டத்தினால் பிள்ளைகளுக்கு விளைந்த நன்மையை எல்லோரும் அறிவார்கள்; ஆசிரியர்களுக்கு விளைந்த நன்மையைத்தான் யாரும் எழுதிவைக்கவில்லை. சமைத்த சாப்பாட்டைப் பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. பங்குனியில், விறகடுப்பின் எதிரே நின்று ருசி பார்க்கச் சொன்னால் எல்லோருக்கும் ஏதாவது அவசர வேலை இருக்கும். ஆடியிலோ அந்தக் கடமைக்காக எங்களுக்குள் நடந்த போட்டி, பதவி உயர்வுக்குக்கூட நடந்ததில்லை. சீனியாரிட்டி என்றார் ஒருவர், வாதரோகம் என்றார் மற்றொருவர். ருசி பார்த்தவர் உப்பு சரியாக இருக்கிறது என்று தீர்மானிக்க அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு கேஸ் அடுப்பு வந்தது. புகை போயிற்று, சமையல் செய்யும் அம்மாளுக்குக் கண்ணெரிச்சல் நின்றது. அந்த அடுப்பைக் குறை சொன்னால் பாவம். இருந்தாலும் போட்டி படுத்துவிட்டது.

சாயங்காலம் மணி அடித்ததும் சுக்குக் காப்பிக் கடை. “மேக்கரைப் பக்கம் கருத்திருக்கு, சார்வாள், இன்னொரு கிளாஸ் குடிச்சிட்டுப் போங்க” என்பார் அண்ணாச்சி. வியாபாரத்துக்காகச் சொன்னாரோ, வானசாஸ்திரத்துக்காகச் சொன்னாரோ, அவர் வாக்கு பொய்த்ததில்லை. அதே நேரத்தில் மதுரையிலிருந்து பஸ் சார்ஜ் கொடுத்து வந்திறங்கிய உறவினர்கள், குற்றாலத்து ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, “என்ன குளுமை, என்ன குளுமை! நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்” என்று என் வீட்டுத் திண்ணையில் பரவசப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

நான் ஓய்வு பெற்ற பின், 2024-ஆம் வருஷம், ஜூன் 6-ஆம் தேதி திறக்க வேண்டிய பள்ளிகளை வெயிலை முன்னிட்டு 10-ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள். தென்மேற்குப் பருவமழையோ மே 30-ஆம் தேதியே கேரளத்தில் கால் வைத்துவிட்டிருந்தது. வெயிலுக்கு விடுமுறை விட்டது நியாயமே. மற்ற ஜில்லாப் பிள்ளைகளும் பிள்ளைகள்தாம். சாரலுக்கும் விடுமுறை விடுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் எங்கள் பள்ளிக்கூடங்களைப் புரட்டாசியில்தான் திறக்க முடியும். 2019 நவம்பர் முதல் தென்காசி தனி மாவட்டமாகி, அதிகாரிகளும் இந்தக் காற்றிலேயே கையெழுத்துப் போடுகிறவர்களாகிவிட்டார்கள். ஆகவே அவர்களிடம் ஒரு விண்ணப்பம்: மலையடிவாரத்துப் பள்ளிக்கூடங்களில் மேற்கே பார்த்த ஜன்னல்களுக்கு மட்டுமாவது கதவு போட்டுக் கொடுங்கள். தேக்கு வேண்டியதில்லை, தகரம் போதும். வைகாசி முடிவதற்குள் மாட்டிவிட்டால் சிலாக்கியம்.