மலை ஏறுவதா, ஆழம் பார்ப்பதா?

கேள்வி: பத்து நாள் லீவில் இத்தாலியின் பழைய மலையூர்கள் ஆறையும் பார்த்துவிடத் திட்டம். முடியுமா? (வாசகி, ராபர்ட்சன்பேட்டை, கே.ஜி.எஃப்.)

பதில்: விடியற்காலை மாரிகுப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு ஓடும் ஊர்க்காரர் நீங்கள். லீவிலும் அதே ஓட்டமா? சியேனா, ஒர்வியேட்டோ, அசிசி மூன்றும் போதும். இரவு தங்குங்கள், பகல்கூட்டம் கலைந்த பிறகுதான் அந்தத் தெருக்கள் அழகு. வாடகைக் கார் வேண்டாம், பழைய நகரப் பகுதிக்குள் வெளியூர் வண்டி நுழைந்தால் அபராதம். ஒர்வியேட்டோ, ரோம்–ஃபிளாரன்ஸ் ரயில் பாதையிலேயே இருக்கிறது. ஸ்டேஷன் எதிரிலிருந்து கம்பி இழுக்கும் குட்டி ரயில் மேலே ஏற்றிவிடும்.

அங்கே 16-ஆம் நூற்றாண்டுக் கிணறு ஒன்று. இறங்கும் கழுதையும் ஏறும் கழுதையும் முட்டிக்கொள்ளாதபடி இரண்டு சுழல்பாதைகள். ஆழம் ஐம்பது மீட்டருக்குச் சற்று அதிகம். அதைப் பார்க்க உலகமே டிக்கெட் வாங்குகிறது. உங்கள் ஊர் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்திலோ உங்கள் தாத்தாக்கள் வேலைக்கு இறங்கிய ஆழம் 3,000 மீட்டருக்கும் மேல்! பிரிட்டிஷ் காலத்தில் இத்தாலியத் தொழிலாளர்களே கோலாருக்குச் சுரங்க வேலைக்கு வந்தார்கள். 2001 பிப்ரவரி 28-இல் மூடிய அந்தச் சுரங்கங்களை இத்தாலியர் இனி சுற்றிப்பார்க்க வருவது எப்போது? அதற்கும் யாராவது திட்டம் போட வேண்டும்.