எறங்க எறங்க வாங்குவீங்களாமே, சாமி!

வாங்க சாமி, வாங்க. ஒறம்பரையாட்டம் வாசப்படியில நிக்காம இந்தக் கயித்துக்கட்டல்ல ஒக்காருங்க. காலையில இருந்து அந்தப் போனைப் பார்த்த பார்வைக்கு, உங்கப்பன் பொண்ணு பார்க்க வந்த அன்னைக்குக்கூட உங்கம்மாவை அத்தனை தடவை பார்க்கலை.

பங்கு வாங்கியிருக்கியாமா? நூறுக்கு வாங்கினது எண்பதுக்கு எறங்கிருச்சாம், அதனால இன்னுங்கொஞ்சம் வாங்கினியாம். அதுக்கு 'ஆவரேஜ் பண்றது'ன்னு பேராம். உங்கம்மாயிகிட்டச் சொன்னேன். "ஓட்டைக் கொடம் வாங்கினவன் அதே கடையில இன்னொண்ணும் வாங்கினானா?"ன்னு கேட்டா. நான் உனக்குத்தான் பரிஞ்சு பேசினேன்.

ஏன்னா கணக்கு நல்ல கணக்கு கண்ணு. நூறுல 10,000 ரூபாய்க்கு 100 பங்கு. எண்பதுல அதே 10,000-க்கு 125. அம்பதுக்கு வந்தா 200. ஆகமொத்தம் 30,000 ரூபாய்க்கு 425 பங்கு, அடக்க விலை 70 ரூபாய் 59 காசு. மறுபடி நூறைத் தொட வேண்டியதே இல்லை, எழுபத்தொண்ணு வந்தாலே கரையேறிரலாம். தொகையைச் சமமா வெச்சுக்கிட்டா மலிவா இருக்கறப்ப தானா நெறைய விழுகுது. மூளையே வேண்டாத வேலை. உனக்குன்னே செஞ்சு வெச்சிருக்காங்க.

ஒரே ஒரு கேள்வி. அந்த மூணாவது 10,000 எங்க இருக்குது? மொத ரெண்டு தடவையிலயே முச்சூடும் கொட்டிட்டு, இப்ப அம்மாயி சுருக்குப் பையைச் சுத்திச் சுத்தி வர்றயே, அதுக்கும் 'ஆவரேஜ்'னுதான் பேரா?

அடுத்தது சரக்கு. சந்தையில ஆட்டு வெலை எறங்கினா ரெண்டு ஆடு சேர்த்துப் புடிக்கலாம், தப்பில்லை. ஆனா வெலை எறங்கினது மழையில்லாமயா, இல்ல அந்த ஆட்டுக்கே சீக்கான்னு வாயைத் தொறந்து பல்லைப் பார்க்கணுமல்ல? யெஸ் பேங்க் கதை தெரியுமா? 2018 ஆகஸ்டுல பங்கு 400 ரூபாய் பக்கம் நின்னுச்சு. முந்நூறுல வாங்கினவன் கெட்டிக்காரன்னான், எரநூறுல வாங்கினவன் அவனைவிடக் கெட்டிக்காரன்னான், நூறுல வாங்கினவனைக் கையில புடிக்க முடியலை. 2020 மார்ச் 5 அன்னைக்கு ரிசர்வ் பேங்க் வந்து, 50,000-க்கு மேல யாரும் பணம் எடுக்கக் கூடாதுன்னுருச்சு. மறுநாள் பங்கு 6 ரூபாய்க்கும் கீழ போய் எட்டிப் பார்த்துட்டு வந்துச்சு. இன்னொரு கூத்தும் இருக்குது: நூறு பங்கோ அதுக்கு மேலயோ வெச்சிருந்தவங்களோட பங்குல 75 சதவீதத்தை மூணு வருசத்துக்கு விக்கக் கூடாதுன்னு பூட்டிட்டாங்க. படிப்படியா வாங்கினாங்க சரி, படிப்படியா விக்க விட்டாங்களா?

அதே மாசம் 23-ஆம் தேதி சென்செக்ஸ் ஒரே நாள்ல 3,934 புள்ளி விழுந்து 25,981-ல நின்னுச்சு. அந்த வருசக் கடைசியில 47,000-த்தைத் தாண்டியிருச்சு. மந்தை மேடேறி வந்துரும் கண்ணு. சீக்கு வந்த ஒத்தை ஆடு வரும்னு எவன் சொன்னான்?

விக்கறதுலயும் ஒரு விளையாட்டு இருக்குது. டீமேட் கணக்குல முந்தி வந்ததுதான் முந்திப் போகும். அம்பதுல வாங்கினதை எழுபதுக்குத் தள்ளிட்டேன்னு நீ மீசையை முறுக்குவ. வரி ஏட்டுல போனது என்னமோ நூறுக்கு வாங்கினது, நட்டம். மெய்யாவே லாபம் வந்து, ஒரு வருசத்துக்குள்ள வித்தியானா நூத்துக்கு 20 அரசாங்கத்துக்கு. வாங்கறப்பவும் விக்கறப்பவும் 0.1 சதவீதம் தனியாப் புடிப்பாங்க. அடிக்கடி ஏறி எறங்கினா நீ சம்பாரிக்கற, அவங்க சாப்பிடறாங்க.

அட, சிரிக்கறயா? சிரி, சிரி. எங்க கதையும் கேட்டுக்க. 2010 கடைசியில ஈரோட்டுல மஞ்சள் குவிண்டால் 15,000-த்தைத் தாண்டுச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரன்கிட்ட 40 குவிண்டால், என்கிட்டயும் 40. அவன் 9,000-ல பத்தை வித்தான். டீக்கடையில அவனை வெச்சு நாங்க பேசாத நாயமில்லை. 12,000-ல பத்து, 15,000-ல பத்து. கடைசிப் பத்து மாட்டிக்கிச்சு, எறங்கு மொகத்துல 8,000-க்குத்தான் போச்சு. கூட்டிப் பாரு, 4,40,000. அந்தக் காசுலதான் அவன் போர் போட்டான், இன்னைக்கும் தண்ணி பீச்சுது.

உங்க அப்புச்சி விக்கலை. 20,000 வரட்டும்னு மூட்டை மேல ஏறிப் படுத்துக்கிட்டேன். ரெண்டு வருசத்துல வெலை 4,000 பக்கம் வந்துருச்சு, வண்டும் விழுந்துருச்சு.

அதுல ஒரு மூட்டை இன்னும் அட்டாலியில கெடக்குது. உங்கம்மாயி ஒவ்வொரு பொங்கலுக்கும் ஏணி போட்டு ஏறிப் பார்த்துட்டு, எறங்கி வந்து எனக்கு மட்டும் ஒரு கரண்டி பொங்கலைக் கொறைச்சுப் போடறா.