பாதி விலை எண்ணெயில் போன தூரம்

டீசல் கார் லாபமா நஷ்டமா என்ற கணக்கை எங்கள் தலைமுறை, சொந்தமாகக் கார் வாங்குவதற்கு வெகுகாலம் முன்பே, வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்த நாளிலேயே போடத் தொடங்கிவிட்டது. 80களின் கடைசியில் பெட்ரோல் விலையில் பாதிக்கும் குறைவாக டீசல் கிடைத்தது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் வயலில் ஓடும் பம்ப்செட்டுக்கும் என்று அரசாங்கம் இறக்கி வைத்திருந்த விலை அது. அந்த நிழலில் எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டோம். தென்காசி ஸ்டாண்டில் வரிசையாக நிற்கும் அம்பாசடர்களில் எது டீசல், எது பெட்ரோல் என்று கார் ஓட்டத் தெரியாத எங்கள் அம்மாவுக்குக்கூடத் தெரியும். டீசல் வண்டி அமைந்தால் திருச்செந்தூரும் கன்னியாகுமரியும் உண்டு, அமையாவிட்டால் குற்றாலத்தோடு சரி, மற்றதெல்லாம் அடுத்த வருஷம்.

மாமா அந்த ஸ்டாண்டில்தான் வண்டி போட்டிருந்தார். வாங்கும்போது அது பெட்ரோல் வண்டி. பெட்ரோல் விலை ஏற ஏறக் கட்டுப்படியாகாமல், அந்தக் காலத்தில் பலரும் செய்த மாதிரி, பட்டறையில் விட்டு மெட்டடார் வேனின் டீசல் இன்ஜினை இறக்கிப் பொருத்திக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வண்டியின் குணமே மாறிப்போயிற்று. தெருமுனை திரும்பும்போதே சத்தம் வீட்டுக்குள் வந்துவிடும், எவர்சில்வர் டம்ளர்கள் அலமாரியில் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும், அம்மா அடுப்பில் காப்பித் தண்ணீர் வைத்துவிடுவாள். சத்தத்தை வைத்தே வருவது எந்த அண்ணாச்சியின் வண்டி என்று சொல்வதில் எனக்கு அந்த வயதில் அத்தனை பெருமை.

விடிகாலையில் அதைக் கிளப்புவது ஒரு தனி வேலை. பெட்ரோல் வண்டிபோலத் தீப்பொறி வைத்துப் பற்றவைக்க டீசலில் பிளக் கிடையாது. காற்றை இருபது மடங்குக்கு மேல் நெருக்கி, அந்த நெருக்கலில் பிறக்கும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ள வேண்டும். மார்கழிக் குளிரில் இன்ஜின் விறைத்துக் கிடக்கும்போது அந்தச் சூடு போதாது என்பதால் ஹீட்டரைப் போட்டுக் காத்திருப்பார். முருகா என்று சத்தமாகவே சொல்லிச் சாவியைத் திருப்புவார். இரண்டு உறுமல், ஒரு குலுக்கல், பின்னால் வெள்ளைப் புகை, அப்புறம் தடதடவென்று ஓட்டம். டேங்கில் எண்ணெய் தீர்ந்து ஏர் லாக் ஆகிவிட்டாலோ, டீசல் ஊற்றினால் மட்டும் கிளம்பாது. பானெட்டைத் தூக்கி, ஃபில்டர் மேலிருக்கும் திருகைச் சின்ன ஸ்பானரால் தளர்த்தி, கைப் பம்பைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருப்பார். முதலில் நுரை நுரையாக வரும், பிறகு குமிழி குறையும், கடைசியில் சுத்தமான எண்ணெய் விரல் வழியே ஒழுகும்போது திருகை இறுக்குவார். டார்ச் பிடிக்கும் உத்தியோகம் எனக்கு. இன்றைய காரில் பானெட்டைத் திறந்தால் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடிதான் கண்ணில் படுகிறது; எந்தப் பிள்ளையும் டார்ச் பிடிக்க வேண்டியதில்லை, பிடித்தாலும் பார்க்க ஒன்றுமில்லை.

செங்கோட்டையைத் தாண்டி, புளியரையில் எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு வழியாகக் குளத்துப்புழைக்குப் போய் ஆற்றுமீன்களுக்குப் பொரி போட்டுவிட்டு வருவது எங்கள் வீட்டு வழக்கம். முன்சீட்டில் மூன்று பேர், பின்சீட்டில் பெரியவர்கள், மடியில் பிள்ளைகள், காலடியில் எலுமிச்சம்பழச் சாதத் தூக்கு. கிளம்புகிற நேரத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் நின்றால், "நீங்களும் ஏறுங்க ஆச்சி, டீசல்தான" என்பார் மாமா. அந்த ஒரு சொல்லில் எத்தனை பேர் ஊர் பார்த்தார்கள்! எண்ணெய்ச் செலவு குறைவு என்பதால் ஏறுகிற ஆளைக் கணக்குப் பார்க்காத பெருந்தன்மை எங்கள் மாதிரி வீடுகளுக்கும் வந்தது. டீசல் காரால் வந்த நன்மைகளில் முதல் இடத்தை நான் இதற்குத்தான் கொடுப்பேன், மைலேஜெல்லாம் பிறகு.

ஏற்றத்தில் அந்தப் பாரத்தோடு வண்டி இரண்டாம் கியரில் முக்கிக்கொண்டு போகும். பின்னால் கரும்புகை சுருண்டு எழும். அந்த வாடை எனக்குப் பிடிக்கும், அது லீவு நாளின் வாடை. 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தபோது, அந்த வளைவுகளும், நாளெல்லாம் அந்தப் புகைக்குள்ளேயே நின்ற டிரைவர்களும் மெக்கானிக்குகளும்தான் நினைவுக்கு வந்தார்கள். மலிவாகப் போனோம் என்று நாங்கள் நினைத்திருந்த தூரத்துக்கு அவர்கள் தங்கள் மூச்சைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் மனம் கனத்துப்போகிறது.

பிறகு காலம் வேகமாக ஓடியது. 1998 முடிகிற நேரத்தில் டாடா இண்டிகா வந்தது, கொஞ்ச வருஷத்தில் அம்பாசடர்கள் நின்ற ஸ்டாண்டுகளில் அதுதான் நின்றது. 2002இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் ஆக்சென்ட் சிஆர்டிஐ வந்தபோது, டீசல் கார் இவ்வளவு அமைதியாகவும் ஓடுமா என்று மாமாவே ஆச்சரியப்பட்டார். எண்ணெயைப் பெரும் அழுத்தத்தில் ஒரே குழாயில் தேக்கி வைத்து, எப்போது எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதை மின்னணுக் கருவி தீர்மானிக்கும் ஏற்பாடு அது. ஃபியட்டின் 1248 சிசி இன்ஜின் ஸ்விஃப்டிலும் இண்டிகா விஸ்டாவிலும் புன்டோவிலும் உட்கார்ந்து, டீசலை ஆபீஸ் போகிறவர்களின் வீட்டுக்கும் கொண்டுவந்தது. 2010இல் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது, டீசலுக்கு நீங்கவில்லை. 2012இல் இரண்டுக்கும் நடுவே லிட்டருக்கு முப்பது ரூபாய்க்கு மேல் இடைவெளி. யாரைப் பார்த்தாலும் டீசல் வண்டி புக் பண்ணிவிட்டுக் காத்திருந்த காலம் அது. 2013 ஜனவரியிலிருந்து மாதாமாதம் ஐம்பது பைசா அளவில் ஏற்றிக்கொண்டே வந்து, 2014 அக்டோபரில் டீசலையும் சந்தை விலைக்கு விட்டார்கள். அதே வருஷம்தான் உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பும் நின்றது.

சென்னையில் இருக்கும் அக்கா மகன் இப்போது கார் பார்க்கிறான். "மாமா, டீசலே எடுத்துரட்டா?" என்கிறான். அவனுக்காகத் தாளில் போட்டுப் பார்த்தேன். முப்பது ரூபாய் இடைவெளி இருந்த அன்றைக்கு டீசல் மாடலுக்கு ஒரு லட்சம் கூடக் கொடுத்தாலும், கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய்க்குப் பக்கத்தில் மிச்சமாகும். நாற்பதாயிரம் கிலோமீட்டர் அளவில் போட்ட காசு திரும்பிவிடும். இன்றைக்குச் சென்னையில் விலை வித்தியாசம் எட்டு, ஒன்பது ரூபாய்தான். டீசல் லிட்டருக்கு இருபது கிலோமீட்டர், பெட்ரோல் பதினாறு என்று வைத்தால் மிச்சம் ஒன்றே முக்கால் ரூபாய்க்குள். ஒன்றேகால் லட்சம் கூடக் கொடுத்தால் அதை எடுக்க எழுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். வேளச்சேரியில் வீடு, கிண்டியில் ஆபீஸ், சனி ஞாயிறு கடை கண்ணி என்று இருப்பவனுக்கு அது பத்து வருஷக் காரியம்.

காசு மட்டும் காரணமில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை விதி வந்ததிலிருந்து புகைக்கரியைப் பிடித்து வைக்க டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரி எரிந்து தீர வேண்டுமானால் நெடுஞ்சாலையில் நிற்காமல் கொஞ்ச நேரம் ஓடி, வடிகட்டி அறுநூறு டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற ஓட்டத்தில் கரி சேர்ந்துகொண்டே போய் எச்சரிக்கை விளக்கு எரியும், சர்வீஸ் செலவும் சின்னதாக இராது. சில வண்டிகளில் யூரியா கலந்த திரவம் வேறு தனியாக ஊற்ற வேண்டும். மாருதி அந்த ஏப்ரலோடு டீசலே வேண்டாம் என்று விட்டுவிட்டது. டெல்லிப் பக்கம் பத்து வருஷம் தாண்டிய டீசல் கார்களுக்கு எதிராக 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த உத்தரவை 2018இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. நம் ஊரில் அது இல்லை என்றாலும், பிற்பாடு விற்க நினைக்கிறவன் அதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

ஆனால் மாதாமாதம் சென்னைக்கும் தென்காசிக்கும் போய்வருகிறவனாக இருந்தால் என் பதில் வேறு. ஆறேழு பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததுமே கீழிருந்து தள்ளிவிடுகிற அந்த இழுவைக்கு இன்றும் டீசல்தான். கிரெட்டாவிலும் ஸ்கார்பியோவிலும் இன்னோவா கிரிஸ்டாவிலும் அதைத் தேடித்தான் வாங்குகிறார்கள். இன்றைய டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு; மாமா ஊற்றிய எண்ணெயோடு ஒப்பிட்டால் எத்தனையோ சுத்தம்.

அவனிடம் இரண்டையும் சொன்னேன். சென்னையிலேயே சுற்றப் போகிறாய் என்றால் பெட்ரோல் எடு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று வரிசை சீட் உள்ளதாகப் பார், அம்மாவையும் அத்தையையும் எதிர்வீட்டு ஆச்சியையும் சேர்த்து ஏற்ற இடமிருக்கும். "அவ்ளோ பேரு எங்க மாமா வரப்போறாங்க?" என்று கேட்டான். கூப்பிட்டால் வருவார்கள், ஐப்பசியில் நானே வருகிறேன் என்றேன்.