டிபன் பாக்ஸுக்கு ஓர் இடம்

கேள்வி - பதில்

கே: அலுவலகத்தைப் புதுப்பிக்கிறார்கள். இரண்டு மாதம் பேன்ட்ரி கிடையாதாம். முதலில் எதைக் கேட்டு வாங்குவது?
(கணக்குப் பிரிவு ஊழியர், கிண்டி)

ப: தேதியை! தற்காலிகச் சமையலறை என்றைக்குத் தயாராகும் என்று கேளுங்கள். பழையதைப் பூட்டுவதற்கு முதல் நாளே அது ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். பிறகு மூன்று கேளுங்கள்: சூடு, தண்ணீர், உட்கார்ந்து சாப்பிட மேஜை.

கே: மீட்டிங் ரூமில் மைக்ரோவேவும் கெட்டிலும் வைத்தால் போதாதா?
(நிர்வாகப் பிரிவு, சிறுசேரி)

ப: அறை போதும்; பிளக் பாயிண்ட் போதாது. கெட்டில் 1,500 வாட், மைக்ரோவேவ் 1,200 வாட் என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 12 ஆம்பியர் இழுக்கும். லேப்டாப்புக்குப் போட்ட 6 ஆம்பியர் பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செருகி ஓட்டினால், சாதத்துக்கு முன்னால் வயர் சூடாகிவிடும். எலக்ட்ரீஷியன்தான் தினமும் வருகிறாரே, ஒவ்வொன்றுக்கும் தனியாக 16 ஆம்பியர் பாயிண்ட் இழுக்கச் சொல்லுங்கள்.

கே: நாற்பது பேர், ஒரே மைக்ரோவேவ். பாதிப் பேர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ்காரர்கள். என்ன செய்வது?
(ஊழியர், பெருங்களத்தூர்)

ப: ஆளுக்கு 2 நிமிடம் என்றாலும் கடைசி ஆளுக்கு 80 நிமிடம் ஆகும். இன்னொரு மைக்ரோவேவ் வாங்கி, 12.30, 1.00, 1.30 என்று மூன்று பந்தியாகப் பிரியுங்கள். கால் மணி நேரத்தில் ஒரு பந்தி முடியும். எவர்சில்வரை உள்ளே வைக்கக் கூடாது. பக்கத்திலேயே பத்துப் பீங்கான் கிண்ணங்கள் இருக்கட்டும். சாதத்தின்மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடி வைத்துச் சூடாக்கினால் விறைக்காது.

கே: ஃபிரிட்ஜும் வேண்டுமா?
(மேலாளர், அம்பத்தூர்)

ப: கட்டாயம். பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்து, கொதிக்கும் சோற்றுப் பானையிலும் பிழைத்துக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் பெருகி நஞ்சு கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஃபிரிட்ஜ் வரும்வரை புளியோதரையும் எலுமிச்சை சாதமும் கட்டி வரச் சொல்லுங்கள். புளிப்பில் கிருமி லேசில் வளராது.

கே: டீக்கு மட்டும் ஒரு சிலிண்டர் வைத்துக்கொள்ளலாமா?
(அலுவலக உதவியாளர், எழும்பூர்)

ப: தின்னர் வாடை அடிக்கும் இடத்தில் தீக்குச்சியே கூடாது. மேலும், 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுக்கு உரியது. காலை, மாலை பெரிய ஃபிளாஸ்கில் டீ வரட்டும்.

கே: பாத்திரம் கழுவ டாய்லெட் வாஷ்பேசினைக் காட்டுகிறார்கள்!
(வாசகி, அண்ணா நகர்)

ப: முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்திலும் இதையே செய்தார்கள். மூன்றாம் நாள் பேசினில் மஞ்சளாகச் சாம்பார்த் தண்ணீர் தேங்கியது. மேலே கறிவேப்பிலை, அடியில் பருக்கை. அதைக் கையால் அள்ளிப் போட்டவர் ஹவுஸ்கீப்பிங் அக்கா. அவருடைய வேலைப் பட்டியலில் அது இல்லை. எங்களில் யாரும் கேட்கவும் இல்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. குழாய் வைத்த டிரம், பருக்கையைப் பிடிக்க ஒரு வடிதட்டு, கீழே வாளி, எச்சிலுக்கு மூடியுள்ள கூடை. இவ்வளவுதான் தேவை. குடிக்கிற தண்ணீர் கேன் தனியாக, தூசு படாமல் மூடியிருக்கட்டும்.

கே: இரண்டே மாதம். ஹோட்டலில் சாப்பிட்டால் என்ன?
(தொழில்முனைவோர், கோயம்புத்தூர்)

ப: மாதம் 22 நாள், வேளைக்கு 120 ரூபாய் என்றால் இரண்டு மாதத்தில் 5,280 ரூபாய். புதுப்பிப்பது உங்கள் கட்டடம். செலவு ஊழியர்கள் சட்டைப் பையிலிருந்தா? சர்க்கரை நோய்க்காக அளந்து கட்டி வருபவருக்கு எந்த ஹோட்டல் அளந்து போடும்?

கே: டைல்ஸ் ஒட்ட வந்தவர்களும் எங்கள் தற்காலிக அறையில் சாப்பிட வருகிறார்கள். அனுமதிக்கலாமா?
(மனிதவளப் பிரிவு, தரமணி)

ப: வருவதற்கு முன்பே நீங்கள் அழைத்திருக்க வேண்டும். 2020-இல் இயற்றிய தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பே, கேன்டீனுக்கு 100 பேர் என்று கணக்கிடும்போது ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்துத்தான் எண்ணுகிறது. உங்களுக்குச் சமையலறை கட்டுகிறவர் சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிடலாமா? இன்னும் இரண்டு பெஞ்ச் போடுங்கள். ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும் சேர்த்து.