பெயரிலேயே வடிகட்டி இருக்கிறது

கேள்வி: வீட்டில் பினா கொலாடா செய்தேன். அன்னாசியை அரைத்துச் சாறெடுத்து, பாலும் ரம்மும் சேர்த்தேன். கசந்துவிட்டது! டப்பா சாறுதான் சரிப்படுமா?

பதில்: சாற்றின் மேல் பழி போடாதீர்கள், பாலை வெளியே அனுப்புங்கள். புது அன்னாசியில் புரோமெலைன் என்றொரு நொதி உண்டு. பாலிலுள்ள புரதத்தை அது வெட்டித் தள்ளும். கசப்பு அங்கேதான் பிறக்கிறது. டப்பா சாற்றைச் சூடாக்கி அடைப்பதால் நொதி அடங்கிவிடும், ஆனால் பழத்தின் மணமும் குறைந்துவிடும். மணத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

பினா கொலாடா போர்ட்டோ ரிக்கோவின் பானம். 1954-ல் தன் பாரில்தான் பிறந்தது என்று சான் ஹுவானின் கரீபே ஹில்டன் ஹோட்டல் உரிமை கொண்டாடுகிறது. 1978-ல் தீவே இதைத் தன் அதிகாரபூர்வ பானமாக அறிவித்தது. இதற்கு வழுவழுப்பைத் தருவது இனிப்பூட்டிய தேங்காய் க்ரீம். அது கிடைக்காவிட்டால் கவலை எதற்கு? கெட்டியான முதல் தேங்காய்ப்பாலில் சர்க்கரையைக் கரையுங்கள், பிரமாதமாக இருக்கும்!

பழத்தை வாங்கும்போது அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள், மணக்காவிட்டால் வாங்காதீர்கள். 90 மி.லி. சாறு, 45 மி.லி. தேங்காய்ப்பால், 60 மி.லி. வெள்ளை ரம், ஒரு கை ஐஸ். மிக்ஸியில் ஒரு சுற்று, உடனே குடித்துவிட வேண்டும். சாற்றை மட்டும் முதலிலேயே துணியில் வடிகட்டிவிடுங்கள். ஸ்பானிஷில் 'கொலாடா' என்றாலே வடிகட்டியது என்றுதான் பொருள். ரம் வேண்டாதவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் எலுமிச்சை பிழியலாம்.