கடாரத்துக் கீறல்

அனுப்புநர்:
வாடகை சைக்கிள் கடைக்காரர் மகன்,
கடைத்தெரு, உடையார்பாளையம்,
அரியலூர் மாவட்டம்.

பெறுநர்:
இழப்பீட்டுப் பிரிவு மேலாளர் அவர்கள்,
வாடகைக் கார் நிறுவனம் (எது என்று தங்களுக்கே தெரியும்),
கோலாலம்பூர் விமான நிலையம், மலேசியா.

பொருள்: முன் பம்பரில் ‘ட’ வடிவக் கீறல் – 950 ரிங்கிட் பிடித்தம் – திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்களின் ஏழு மின்னஞ்சல்கள் (ஏழும் ஏறக்குறைய ஒன்றே).

ஐயா, அம்மையீர் அல்லது பதில் அனுப்பும் இயந்திரமே,

பார்வையில் கண்ட ஏழும் வந்து சேர்ந்தன. என் அனுபவம் தங்களுக்கு மிக முக்கியம் என்று ஏழிலும் முதல் வரி சொல்கிறது. எட்டாவது வருவதற்குள் அந்த அனுபவத்தை நானே எழுதி அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு சங்கதி. நாம் அந்நியர் இல்லை, ஒரே தொழில்காரர்கள். என் அப்பா உடையார்பாளையத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பெரிய சைக்கிள் பதினொன்று, அரை சைக்கிள் மூன்று. பின் மட்கார்டில் மஞ்சள் பெயின்ட்டில் நம்பர். மணிக்கு 25 காசு. நாற்பது பக்க நோட்டில் பெயர், நம்பர், எடுத்த நேரம். முன்பணம் என்று ஒன்று கிடையாது. “இன்னாரு மவன்” என்பதுதான் முன்பணம்.

பஞ்சர் தகராறு வராத நாளே இல்லை. இலையூர்ப் பக்கம் போனவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவான். “ட்யூப்பு பழசுண்ணே” என்பான். “எந்த முள்ளுல உட்டியோ” என்பார் அப்பா. பேச்சு அவ்வளவுதான். டயரை நெம்பிக் கழற்றி, ட்யூப்புக்குக் காற்றடித்து, நசுங்கிய அலுமினியப் பேசினில் தண்ணீர் விட்டு, சாண் சாணாக அமுக்கிக்கொண்டே வருவார். எடுத்தவனும் பக்கத்தில் குந்திப் பார்க்க வேண்டும், அது கட்டாயம். ஓரிடத்தில் குமிழி கிளம்பும். புது ஓட்டையாக இருந்து, டயருக்குள் விரலை விட்டுத் துழாவும்போது கருவேல முள் தட்டுப்பட்டால் காசு அவன் கொடுப்பான். பழைய ஒட்டு பிரிந்திருந்தாலோ வால்ட்யூப் நைந்திருந்தாலோ செலவு கடையுடையது, மேற்கொண்டு தள்ளிக்கொண்டு வந்த நேரத்துக்கு வாடகையும் கழியும். குமிழி வந்த பிறகு இரண்டு பேரில் ஒருவரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

தங்களிடம் எத்தனையோ கார் இருக்கிறது. அந்தப் பேசின் இல்லை.

எங்கள் விமானம் விடியற்காலையில். நாங்கள் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது மணி மூன்று. கவுன்டரில் விளக்கு எரிந்தது, ஆள் இல்லை. சாவியைப் பெட்டியில் போடவும் என்று எழுதியிருந்தது. போட்டோம். உள்ளே ‘டிங்’ என்று கேட்டது. இரு தரப்பும் சேர்ந்து செய்த வாகனப் பரிசோதனை என்றால் அந்த ‘டிங்’ ஒன்றுதான். பன்னிரண்டு நாள் கழித்து, முந்திரிக் கொல்லையில் நின்றுகொண்டிருக்கும்போது என் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. என் கார்டிலிருந்து 950 ரிங்கிட் போய்விட்டது, நம்ம காசுக்கு இருபதாயிரம் வரும். எதற்காக என்ற விளக்கம் மறுநாள்தான் வந்தது. இந்தக் கார்டில் இங்கே ஆன்லைனில் ஒரு மிக்ஸி வாங்கினால்கூட ஓடிபி கேட்கும். கடல் தாண்டி இருபதாயிரம் போகும்போது அது ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளிநாட்டு உபயோகத்துக்கு அந்தக் கதவைத் திறந்து வைத்தவனும் நான்தான், அதை மறுக்கவில்லை.

கணக்கையும் பார்த்தேன். பம்பர் வேலை 600. கார் ஓடாமல் நின்ற இரண்டு நாளுக்கு 250. நிர்வாகக் கட்டணம் 100. இந்த மூன்றாவதைக் கண்டதும் அப்பாவை நினைத்துக்கொண்டேன். பஞ்சர் ஒட்டிய காசோடு, பஞ்சர் ஒட்டியதை நோட்டில் எழுதியதற்கும் காசு வாங்கலாம் என்று அவருக்குக் கடைசி வரை தோன்றவே இல்லை.

காப்பீடு எடுத்தீர்களே என்று கேட்பீர்கள். எடுத்தேன். கவுன்டரில் இருந்தது நம் தமிழ்ப் பெண்தான். “பயப்படாதீங்க அங்கிள், எல்லாம் கவர் ஆயிரும்லா” என்றது. அந்த ‘லா’வுக்கே மேற்கொண்டு பணம் கட்டினேன். இப்போது ஒன்பதாம் பக்கத்தைக் காட்டுகிறீர்கள்: முதல் 1,000 ரிங்கிட் வரை வாடிக்கையாளர் பொறுப்பாம். கீறலின் புத்திசாலித்தனத்தை மெச்ச வேண்டும், சரியாக 950-இல் நின்றுவிட்டது.

எங்கள் ஊர்ச் சிவன் பெயர் பயறணீஸ்வரர். மிளகு மூட்டையோடு வந்த வணிகர் ஒருவர் வரிக்குப் பயந்து சுங்கக்காரனிடம் பயறு என்று சொல்ல, மூட்டை பூராவும் பயறாகிவிட்டதாம். அழுது புரண்ட பிறகு சாமி மறுபடி மிளகாக்கிக் கொடுத்தாராம். தங்களின் முழுக் காப்பீடும் நான் பணம் கட்டும்போது மிளகாகத்தான் இருந்தது. ஊருக்கு வந்து பிரித்தால் பயறு. மறுபடி மிளகாக்குவதற்குத் தங்கள் அலுவலகத்தில் எந்தப் பிரிவை அணுக வேண்டும் என்று தெரிவிக்கவும்.

கீறலுக்கு வருகிறேன். கார் எடுத்த அன்று வீட்டுக்காரம்மா அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். காருக்காக இல்லை, எங்கள் ஊர்த் தறியில் நெய்த பட்டுக்காக. மாம்பழ நிறம், அரக்கு பார்டர். அந்த முந்தானைக்கு ஒரு சாண் கீழே, பம்பரின் இடது மூலையில், ‘ட’ என்ற எழுத்து தெளிவாக இருக்கிறது. காரை ஓட்டத் தொடங்குவதற்கு முன் எடுத்த படம், நேரமும் பதிவாகியிருக்கிறது. தாங்கள் அனுப்பிய மூன்று படத்திலும் அதே ‘ட’. மூன்றிலும் உச்சி வெயில். விடியற்காலை மூன்று மணிக்கு விட்ட காரை நண்பகலில் படம் பிடித்திருக்கிறீர்கள். இடையில் அது எங்கே நின்றது, யார் கையில் இருந்தது என்று மூன்று முறை கேட்டேன். என் அனுபவம் முக்கியம் என்று பதில் வந்தது.

இத்தனைக்கும் ஓட்டியவன் என் மகன். அரியலூரில் சிமென்ட் ஆலை லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டிப் பழகிய கை. 1,000 ரூபாய் கட்டி, சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டுதான் வந்தான். உங்கள் நெடுஞ்சாலையில் அவனுக்கு இருந்த ஒரே கஷ்டம் தூக்கம்தான்.

படத்தை அனுப்பிய பிறகு ஆறாவது மின்னஞ்சலின் அடியில் மட்டும் புதிதாக ஒரு வரி முளைத்தது. நல்லெண்ண அடிப்படையில் பாதித் தொகையைத் தள்ளுபடி செய்கிறீர்களாம். மீதிப் பாதிக் கீறல் யாருடையது? ‘ட’வின் நின்ற கோடு எனக்கு, படுத்த கோடு தங்களுக்கு என்று பாகப்பிரிவினையா? பேசினில் குமிழி வரும், அல்லது வராது. பாதிக் குமிழியை அப்பா கண்டதில்லை.

ஒரு சந்தேகமும் இருக்கிறது. நாங்கள் வந்தது கெடாவை, அதாவது பழைய கடாரத்தைப் பார்க்க. ஜெயங்கொண்டத்தைத் தாண்டினால் கங்கைகொண்டசோழபுரம், பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் அங்கேதான் கூட்டிப்போவார்கள். அந்த ஊரைக் கட்டிய ராஜேந்திரன் 1025 வாக்கில் கப்பல் அனுப்பிக் கடாரம் கொண்டான் என்று படித்த நாளிலிருந்து அந்தக் கடாரத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. பூஜாங் பள்ளத்தாக்கில், மெர்போக் அருகே, புக்கிட் பத்து பாகாட் கோயிலின் கல் அடித்தளத்தைச் சுற்றிவந்தோம். 2013-இல் இதே பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் கோயிலை நிலம் திருத்துகிறவர்கள் இடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததை மகன் சொன்னான். அதையும் இந்தக் கம்பெனிக்காரன் மாதிரி மூணு பக்கமும் படம் புடிச்சிக் காத்திருக்கலாம் என்று பிற்பாடு வீட்டுக்காரம்மா சொன்னாள். போகட்டும். கடாரத்து அரசனின் யானைகளையும் பொக்கிஷத்தையும் வித்தியாதரத் தோரணம் என்ற வாயிலையும் எங்கள் ஆள் எடுத்துவந்ததாக மெய்க்கீர்த்தி சொல்கிறது. பிடித்தது அந்தக் கணக்கில்தான் என்றால் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஆயிரம் வருஷ வட்டியோடு 950 ரிங்கிட் மலிவுதான், வாய்தா கேட்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

தாங்கள் தனியாளும் இல்லை. அமெரிக்காவின் ஹெர்ட்ஸ் நிறுவனம் 2025-இல் விமான நிலையங்களில் காரை ஸ்கேன் செய்யும் இயந்திரம் வைத்தது. சக்கரத்தில் ஓர் அங்குல உராய்வுக்கு ஒருவரிடம் 440 டாலர் கேட்டது என்று செய்தி: வேலை 250, மீதி 190 அந்த உராய்வைக் கண்டுபிடித்து எழுதிவைத்த செலவு. அதே நிறுவனம்தான், காரைத் திருடியதாகத் தம்மேல் பொய்ப் புகார் கொடுத்ததாக வாடிக்கையாளர்கள் போட்ட 364 இழப்பீட்டுக் கோரிக்கைகளை முடிக்க 2022 டிசம்பரில் சுமார் 168 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது. அப்பாவின் கடையிலும் ஒரு தடவை ஏழாம் நம்பர் காணாமல் போனது. போலீசுக்குப் போகவில்லை. நோட்டைப் பார்த்தார், மூன்றாம் நாள் இலையூரில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தலில் அது சாய்ந்திருந்தது. எடுத்தவன் மாப்பிள்ளைத் தோழனாம். மூன்று நாள் வாடகையில் ஒரு நாளைக் கழித்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வந்தார்.

இனி நடக்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன். வங்கியில் இந்தப் பற்றை மறுத்து சார்ஜ்பேக் படிவம் கொடுத்தாயிற்று, பட்டுப்புடவைப் படத்தோடு. தங்கள் நாட்டிலேயே நுகர்வோர் தீர்ப்பாயம் இருப்பதைச் சுங்கைப் பட்டாணியில் இருக்கும் மச்சினர் சொன்னார். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம், மனுவுக்கு 5 ரிங்கிட்டாம். தங்களின் நிர்வாகக் கட்டணம் ஒன்றை வைத்து இருபது மனு போடலாம். இங்கே 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் குடியிருக்கும் ஊரைச் சேர்ந்த ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. அழைப்பு வந்தால் திருச்சியில் இறங்கி ரயில் பிடித்து அரியலூர் வரவும். விமான நிலையத்தில் கார் எடுக்க வேண்டாம், ஒரு தொழில்காரன் என்ற முறையில் சொல்கிறேன்.

வழக்கு இல்லாமலும் முடிக்கலாம். அப்பாவின் அலுமினியப் பேசின் இன்னும் கொல்லைப்புறத்தில் இருக்கிறது, கோழிக்குத் தண்ணீர் வைக்கிறோம். பம்பரைக் கழற்றி எடுத்து வாருங்கள். இரண்டு பேரும் குந்திப் பார்ப்போம்.

இப்படிக்கு,
தங்கள் தொழில் பங்காளி.

நகல்:
1. வங்கிக் கிளை மேலாளர் – மேல் நடவடிக்கைக்காக.
2. கவுன்டரில் இருந்த தங்கை – தகவலுக்காக. உன்மேல் வருத்தம் இல்லையம்மா.
3. அருள்மிகு பயறணீஸ்வரர் – மிளகு சம்பந்தமாக.

இணைப்பு: மாம்பழ நிறப் பட்டுப்புடவை (படம் 1). முந்தானையைப் பார்த்தது போதும், கீழே பார்க்கவும்.